கவர்ன்மென்ட் 2306: டெக்சஸ் கல்லூரிகளின் மாநில அரசியல் பாடம் எப்படி இருக்கிறது?

டெக்சஸில் எந்த அரசுக் கல்லூரியில் சேர்ந்தாலும், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாலும் நர்சிங் படித்தாலும், இளநிலைப் பட்டம் கைக்கு வருவதற்குள் அரசியல் பாடம் 6 கிரெடிட் முடித்தாக வேண்டும். இது கல்லூரிகள் தாமாக வைத்துக்கொண்ட விதி இல்லை. மாநிலக் கல்விச் சட்டத்தின் 51.301ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அமெரிக்க அரசியல் சாசனமும் டெக்சஸ் அரசியல் சாசனமும் அந்த 6 கிரெடிட்டுக்குள் வந்துவிட வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் இதை இரண்டு பாடமாகப் பிரித்து வைத்திருக்கின்றன: 2305 ஃபெடரல் அரசு, அதாவது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு; 2306 டெக்சஸ் அரசு. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பள்ளியில் இருக்கும்போதே, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் டூயல் கிரெடிட்டாக இதை முடித்துவிடுகிறார்கள். "கட்டாயப் பாடம்தானே, கோடையில் ஐந்து வாரத்தில் தள்ளிவிடலாம்" என்ற பேச்சும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும். இந்த மதிப்புரை 2306 பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல பாடம், மூன்று கிரெடிட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் நேரத்துக்கும் பழுதில்லை. ஆனால் சாசனம், சட்டமன்றம், கவர்னர் என்று நிதானமாக நடந்து வரும் பாடம், கவுன்ட்டி (மாவட்டம் போன்ற அலகு), நகரம், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (பொதுப்பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு) என்ற இடத்துக்கு வந்ததும் ஓட்டமெடுக்கிறது. பல சிலபஸ்களில் உள்ளாட்சிக்குக் கிடைப்பது ஒரே வாரம், அதுவும் கடைசி வாரம். வீட்டு வரி பில்லில் அச்சாகியிருக்கும் பெயர்கள் அத்தனையும் அந்த ஒரு வாரத்துக்குள்தான் அடங்குகின்றன. எந்த ஆசிரியரின் வகுப்பை எடுப்பது என்று முடிவு செய்யும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாடத்தின் உள்ளடக்கத்தை மாநில உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியத்தின் பாடக் கையேடு வரையறுக்கிறது. டெக்சஸ் சாசனத்தின் தோற்றம், மாநில அரசின் மூன்று கிளைகள், உள்ளாட்சி, ஃபெடரல் அரசோடு உள்ள உறவு, தேர்தல், கட்சிகள், நலக் குழுக்கள், பொதுக்கொள்கை, அரசியல் பண்பாடு என எல்லாம் அதில் உண்டு. மொத்தம் 48 மணி நேர வகுப்பு. இந்தக் கையேட்டு எண்ணைப் பயன்படுத்தும் எந்தக் கல்லூரியில் எடுத்தாலும் எண்ணும் தலைப்பும் ஒன்றுதான். எதற்கு எத்தனை வாரம் என்பதை மட்டும் ஆசிரியர் தீர்மானிக்கிறார்.

முதல் இரண்டு மூன்று வாரம் சாசனத்துக்குப் போகும். சலிப்பாகத் தோன்றினாலும் இங்கே கவனம் சிதறக் கூடாது, பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள சாசனம் 1876ஆம் ஆண்டினுடையது. அதற்கு முன் 1827, 1836, 1845, 1861, 1866, 1869 என்று ஆறு இருந்தன. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்தில், 1869 சாசனத்தின் கீழ், கவர்னர் எட்மண்ட் டேவிஸ் கையில் பெரும் அதிகாரம் குவிந்தது. மாநிலக் காவல் படை, நியமனங்கள், செலவு எல்லாம் அவர் வசம். 1874இல் அவர் போனதும், 1875இல் கூடிய சாசன மாநாட்டில் விவசாயிகள் இயக்கமான கிரேஞ்சைச் சேர்ந்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். இனி எந்த ஒருவர் கையிலும் அப்படி அதிகாரம் சேரக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கூடுவது, உறுப்பினருக்குச் சொற்பச் சம்பளம், கவர்னரைச் சுற்றித் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரிகள், நீதிபதிகளுக்கும் தேர்தல் என எல்லாம் அந்தப் பயத்தின் பிள்ளைகள். நல்ல ஆசிரியர் இந்த இழையைப் பிடித்துக்கொண்டு பாடம் முழுவதையும் கோப்பார். சுமாரான ஆசிரியர் ஏழு சாசனங்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்.

எல்லாவற்றையும் சாசனத்திலேயே எழுதி வைத்ததன் விளைவு, எதைத் தொட்டாலும் சாசனத் திருத்தம் தேவைப்படுகிறது. 80,000 சொற்களுக்கு மேல் நீண்டிருக்கும் இந்தச் சாசனம் 500 முறைக்கு மேல் திருத்தப்பட்டுவிட்டது. 2025 நவம்பரில் மட்டும் 17 திருத்தங்கள் வாக்குச்சீட்டில் வந்து, பதினேழும் நிறைவேறின. தேர்வில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது ஹவுஸில் 100, செனட்டில் 21; பிறகு வாக்காளர்களில் சாதாரணப் பெரும்பான்மை. கவர்னரின் கையெழுத்துக்கு இதில் வேலையே இல்லை. 1974இல் சட்டமன்றமே சாசன மாநாடாக உட்கார்ந்து புதிய சாசனம் எழுதப் பார்த்து மூன்று வாக்கில் தோற்றது. அதையே எட்டுத் திருத்தங்களாக 1975இல் மக்கள் முன் வைத்தபோது எட்டையும் மக்கள் நிராகரித்தார்கள். இந்தக் கதையை ஆசிரியர் சொல்லாமல் விட்டால் பாடநூலில் தேடிப் படித்துக்கொள்ளுங்கள். 1876இன் சாசனம் ஏன் இன்னும் நிற்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

தமிழ்நாட்டு அரசியலைக் கேட்டு வளர்ந்தவர்கள் சறுக்கும் இடம் அடுத்து வருகிறது: கவர்னர். மொழிபெயர்த்தால் ஆளுநர். ஆனால் அந்தச் சொல் மனதில் எழுப்பும் படம் இங்கே முழுக்கப் பொருந்தாது. தமிழ்நாட்டின் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆட்சி நடத்துவது முதலமைச்சர். டெக்சஸ் கவர்னர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், நான்கு ஆண்டுப் பதவி, எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். அப்படியானால் அவர்தான் இங்கே முதலமைச்சர் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. முதலமைச்சர் தன் அமைச்சர்களைத் தானே பொறுக்கி எடுக்கிறார், வேண்டாமென்றால் நீக்குகிறார். டெக்சஸில் லெப்டினன்ட் கவர்னர், அட்டர்னி ஜெனரல், கணக்கும் வரியும் பார்க்கும் கம்ப்ட்ரோலர், நில ஆணையர், விவசாய ஆணையர் ஆகிய ஐவரும் தனித்தனியாக வாக்குப் பெற்று வந்தவர்கள். கவர்னர் அவர்களைப் பதவியிலிருந்து எடுக்க முடியாது. மாநிலச் செயலரை மட்டும் கவர்னர் செனட்டின் ஒப்புதலோடு நியமிக்கிறார். இதைத்தான் பாடநூல்கள் பன்மைச் செயலாட்சி என்கின்றன. இந்த ஒரு கருத்துக்காகவே தேர்வில் ஐந்தாறு கேள்விகள் வரும்.

மசோதா விஷயத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவு. ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போட்டால் என்ன செய்வது என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. டெக்சஸ் சாசனம் அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. கூட்டத்தொடர் நடக்கும்போது கவர்னருக்கு 10 நாள் கெடு, ஞாயிறு கணக்கில் வராது. தொடர் முடிந்த பிறகு வரும் மசோதாக்களுக்கு 20 நாள். கெடு தாண்டினால் கையெழுத்து இல்லாமலேயே சட்டமாகிவிடும். அமெரிக்க ஜனாதிபதிக்கு உள்ள பாக்கெட் வீட்டோ, அதாவது அவை கலைந்த பின் கையெழுத்திடாமல் வைத்தே மசோதாவைச் சாகடிக்கும் வழி, இவருக்குக் கிடையாது. 2305 படித்த கையோடு வருபவர்கள் இதில்தான் மதிப்பெண் இழக்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கமாக, ஜனாதிபதிக்கு இல்லாத ஓர் அதிகாரம் கவர்னருக்கு உண்டு: நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் பிடிக்காத ஒதுக்கீட்டை மட்டும் தனியே அடித்துவிடலாம். பெரும்பாலான முக்கிய மசோதாக்கள் தொடரின் கடைசி நாட்களில்தான் நிறைவேறும். வீட்டோ வரும்போது அவை கலைந்து போயிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் வீட்டோவை முறியடிக்கலாம் என்று எழுதியிருந்தாலும், முறியடிக்க யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

காகிதத்தில் பலவீனமான இந்தப் பதவி நடைமுறையில் எப்படி வலுவானது என்பதையும் பாடம் சொல்ல வேண்டும். பல சிலபஸ்கள் இதைத் தொடுவதோடு சரி. வாரியங்களுக்கும் ஆணையங்களுக்கும் நியமனம் செய்வது கவர்னர். உறுப்பினர் பதவிக்காலம் பெரும்பாலும் ஆறு ஆண்டு, மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள். ஒரே கவர்னர் ஆறு ஆண்டு தாண்டி உட்கார்ந்துவிட்டால் எல்லா நாற்காலியிலும் அவர் ஆளே இருப்பார். ரிக் பெர்ரி 2000 டிசம்பர் முதல் 2015 ஜனவரி வரை இருந்தார். அவருக்குப் பின் கிரெக் அபட் 2015 முதல். 1876இல் போட்ட கட்டு எங்கே தளர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சட்டமன்றப் பகுதி பொதுவாக நன்றாகவே கற்பிக்கப்படுகிறது. ஹவுஸ் 150 பேர், இரண்டு ஆண்டு. செனட் 31 பேர், நான்கு ஆண்டு. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரி இரண்டாம் செவ்வாயில் தொடங்கி 140 நாள். சம்பளம் மாதம் 600 டாலர், கூட்ட நாட்களுக்குத் தனிப் படி. சிறப்புக் கூட்டத்தைக் கவர்னர் மட்டுமே அழைக்கலாம், 30 நாளுக்கு மிகாது, எதைப் பேசுவது என்பதையும் அவரே குறிப்பார். 2020 கணக்கெடுப்புப்படி ஒரு செனட் தொகுதியில் சுமார் 9.4 லட்சம் பேர். வாஷிங்டனில் உட்காரும் காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதியில் 7.67 லட்சம்தான். மாதம் 600 டாலருக்கு அத்தனை பேரைப் பிரதிநிதித்துவம் செய்ய யாரால் முடியும், வழக்கறிஞரும் வசதியுள்ள தொழிலதிபரும் ஏன் அங்கே அதிகம் என்ற விவாதத்தை ஆசிரியர் வகுப்பில் எடுத்தால் நீங்கள் நல்ல இடத்தில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இங்கும் இந்தியப் பழக்கம் இடறும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாது, சட்டமன்றம் கலைவதில்லை, இந்திய அரசியல் சாசனத்தின் 356ஆம் பிரிவு போல வாஷிங்டனிலிருந்து ஆட்சியைக் கலைக்கும் வழியும் இல்லை. கட்சித் தாவல் தடைச் சட்டமும் இல்லை, ஆகவே உறுப்பினர் தன் கட்சிக்கு எதிராக வாக்களித்தாலும் பதவி போகாது. 2025இல் ஹவுஸ் சபாநாயகர் டஸ்டின் பரோஸ் தன் குடியரசுக் கட்சியினரில் ஒரு பகுதியும் ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து போட்ட வாக்கில் வென்றார். செனட்டுக்குத் தலைமை தாங்குவது லெப்டினன்ட் கவர்னர். குழுக்களை நியமிப்பது, எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்று தீர்மானிப்பது எல்லாம் அவர்தான். துணை ஜனாதிபதி மாதிரி அலங்காரப் பதவி என்று எழுதினால் மதிப்பெண் போகும். அவரும் சபாநாயகரும் சேர்ந்து பட்ஜெட் வாரியத்துக்கும் தலைமை ஏற்கிறார்கள்.

நீதித்துறையை விரைவாகச் சொல்லலாம். மேலே இரண்டு உச்ச அமைப்புகள்: சிவில் வழக்குக்கு டெக்சஸ் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குக்குக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒவ்வொன்றிலும் ஒன்பது பேர். கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நின்று வருகிறார்கள், ஆறு ஆண்டுப் பதவி. கீழே இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 15. பழைய பதிப்புகளில் 14 என்று இருக்கும். பதினைந்தாவது 2024 செப்டம்பரில்தான் செயல்படத் தொடங்கியது.

தேர்தல் பகுதியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். 1994க்குப் பிறகு மாநில அளவிலான எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி வென்றதில்லை. ஆகவே பல பதவிகளுக்கு நிஜப் போட்டி, கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத பிரைமரி தேர்தலிலேயே முடிந்துவிடுகிறது. அதில் யாரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இருவருக்கிடையே மே மாதம் மறுவாக்கு. இதற்கு முன் நூறாண்டு ஜனநாயகக் கட்சியின் ஒற்றை ஆதிக்கம் இருந்தது. அப்போதும் பிரைமரியே தேர்தல். கறுப்பினத்தவரை அந்தப் பிரைமரியிலிருந்து விலக்கி வைத்ததை 1944இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிரைமரி வெறும் கட்சி உள்விவகாரமாக இருந்திருந்தால் அந்த வழக்குக்கு அவ்வளவு எடை இருந்திருக்காது. இந்த இரண்டையும் இணைத்துக் கட்டுரை எழுதும் மாணவருக்கு நல்ல கிரேடு நிச்சயம்.

இனி குறைக்கு வருவோம். டெக்சஸில் 254 கவுன்ட்டிகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள், நகரங்கள், இவற்றோடு தண்ணீர், வடிகால், மருத்துவமனை, அவசரச் சேவை என்று ஆயிரக்கணக்கான சிறப்பு மாவட்டங்கள். மாநிலம் தனிநபர் வருமான வரி வாங்குவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு விதிக்கவும் முடியாது. மாநில அரசு சொத்து வரியும் விதிப்பதில்லை. சொத்து வரி முழுக்க உள்ளாட்சியின் கையில், அதில் பெரும்பங்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு. இவ்வளவு கனமான விஷயத்துக்குப் பதினாறு வாரத்தில் ஒரு வாரம் ஒதுக்குவது அநியாயம்.

அந்த ஒரு வாரத்தில் பெயர்களே குழப்பும். கவுன்ட்டி ஜட்ஜ் என்பவர் பெரும்பாலும் நிர்வாகி. கமிஷனர்ஸ் கோர்ட் என்பது வழக்கு நடக்கும் இடமே இல்லை, அவரும் நான்கு கமிஷனர்களும் உட்காரும் கவுன்ட்டியின் ஆட்சிக் குழு. அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாநில மட்டத்திலும் இப்படியொரு பெயர் உண்டு: ரயில்ரோடு கமிஷன் இன்று பார்ப்பது எண்ணெயும் எரிவாயுவும். நகரங்களில் 5,000 பேருக்கு மேல் உள்ளவை தமக்கென்று சாசனம் எழுதி ஹோம் ரூல் நகரமாகலாம், ஆனாலும் மாநிலச் சட்டத்துக்கு முரணாகப் போக முடியாது. 2023இல் சட்டமன்றம் பல துறைகளில் நகரங்கள் தனிவிதி போடுவதையே தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. கவுன்ட்டிக்கு அந்த ஹோம் ரூலும் இல்லை. மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு.

ஹூஸ்டன் புறநகர்களில் புது வீடு வாங்குபவர்கள் பலரும் சந்திக்கும் மட் என்ற நகரியப் பயன்பாட்டு மாவட்டத்தைப் பல பாடநூல்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. நகர எல்லைக்கு வெளியே மனை போடும் நிறுவனம் தண்ணீர்க் குழாய், கழிவுநீர், மழைநீர் வடிகால் போடச் செலவழித்த பணத்தை மட் கடன் பத்திரம் வெளியிட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் கடனை வீட்டுக்காரர்கள் வரியாக அடைக்கிறார்கள். ஐந்து இயக்குநர்கள், தேர்தல் உண்டு. அந்தத் தேர்தலுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்ற கேள்வியை வகுப்பில் கேட்கும் ஆசிரியர் அரிது. மதிப்பீட்டு மாவட்டத்தையும் அதே வேகத்தில் கடக்கிறார்கள். வீட்டின் மதிப்பைக் குறிப்பது அது. வரி விகிதத்தை வைப்பது அது இல்லை. மதிப்பை எதிர்த்து மனு கொடுக்க மே 15 அல்லது அறிவிப்பு அனுப்பியதிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதுவே கெடு. பெரிய கவுன்ட்டிகளில் அதன் குழுவுக்கு மூன்று பேரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை 2024இல்தான் வந்தது.

பள்ளி நிதியை மட்டும் பல ஆசிரியர்கள் நன்றாக நடத்துகிறார்கள், காரணம் அதில் நல்ல வழக்குகள் இருக்கின்றன. ஏழை டிஸ்ட்ரிக்ட்டுக்கும் பணக்கார டிஸ்ட்ரிக்ட்டுக்கும் உள்ள நிதி இடைவெளி ஃபெடரல் சாசனத்தை மீறவில்லை என்று 1973இல் ரோட்ரிகஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1989இல் எட்ஜ்வுட் வழக்கில் அதே முறை டெக்சஸ் சாசனத்தை மீறுகிறது என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. மாநில சாசனத்தில் திறமையான பொதுப்பள்ளி அமைப்பு வேண்டும் என்று ஒரு வாசகம் இருந்ததுதான் வித்தியாசம். வசதியான டிஸ்ட்ரிக்ட்டின் வரியில் ஒரு பகுதியை எடுத்துப் பகிரும், மக்கள் ராபின் ஹூட் என்று கூப்பிடும் ஏற்பாடு அதிலிருந்து வந்தது. மாநில சாசனத்தை ஏன் தனியாகப் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மதிப்பெண் அமைப்பு வழக்கமாக மூன்று நான்கு பலவுள் தெரிவுத் தேர்வு, வாராந்தரக் குவிஸ், விவாதப் பதிவுகள், ஒரு கட்டுரை. கட்டுரை பெரும்பாலும் இருக்கும். இந்தப் பாடம் பொதுப் பாடத்திட்டத்தில் இருப்பதால் விமர்சனச் சிந்தனை, கருத்து வெளிப்பாடு, சமூகப் பொறுப்பு, தனிப்பொறுப்பு நான்கையும் மதிப்பிட்டாக வேண்டும் என்று மாநில வாரியம் சொல்கிறது. கட்டுரைக்கு ஒரு மசோதாவைத் தேர்ந்தெடுத்து அதன் பயணத்தை எழுதச் சொன்னால், சட்டமன்றத்தின் இலவச இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் போதும்: எந்த நாளில் எந்தக் குழுவுக்குப் போனது, யார் சாட்சி சொன்னார்கள், எத்தனை வாக்கு என்று எல்லாம் வரும். சட்டமான மசோதாவை எடுக்காதீர்கள். 2023இலும் 2025இலும் 8,000க்கு மேல் தாக்கலாகி 1,200 சொச்சமே நிறைவேறின. குழுவிலேயே செத்த மசோதா, அல்லது கடைசி வாரக் கெடுவில் சிக்கிய மசோதா, அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை நன்றாகக் காட்டும்.

கால அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி வீட்டு வேலை என்ற வழக்கமான கணக்கில் 16 வார வகுப்புக்கு வாரம் 9 மணி நேரம். எட்டு வாரமானால் 18. கோடை ஐந்து வாரமானால் ஏறக்குறைய 29. ஐந்து வார வகுப்பில் கைவிடப்படுவது எப்போதும் கடைசி அத்தியாயம், அதாவது உள்ளாட்சி. டூயல் கிரெடிட் பிள்ளைகளுக்கு 16 வாரமே நல்லது. அவர்களுடைய கிரேடு கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக ஏறுகிறது, பிறகு மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் அது கூடவே வரும். எஃப்-1 மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர்கள் ஒரு செமஸ்டரில் ஓர் ஆன்லைன் பாடம் மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. வேறு முக்கியப் பாடத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டால் 2306ஐ நேரடி வகுப்பாக எடுங்கள். இடையில் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு சேர்வதும் ஆபத்து. அரசுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு முழுக்க மொத்தம் ஆறு பாடங்களைத்தான் அப்படிக் கைவிடலாம்.

பாடநூலில் பணம் வீணாக வேண்டியதில்லை. இலவசத் திறந்த பாடநூல் பயன்படுத்தும் வகுப்புகளைக் கால அட்டவணையிலேயே தேடிக் கண்டுபிடிக்கும் வசதி தர வேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. அந்த அடையாளம் உள்ள வகுப்பை எடுங்கள். பதிப்பக மென்பொருளுக்கு அக்சஸ் கோடு கேட்கும் வகுப்பானால் பழைய புத்தகம் வாங்குவது பயன்படாது, குவிஸே அந்தக் கோடுக்குள்தான் இருக்கும். எந்தப் புத்தகமானாலும் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். பழைய பதிப்பில் ஒரே குறியால் கட்சி முழுவதற்கும் வாக்களிக்கும் முறை இருப்பதாக எழுதியிருக்கும். 2020 நவம்பர் தேர்தலிலிருந்தே அது கிடையாது. செனட்டில் மசோதாவை எடுக்க மூன்றில் இரண்டு பங்கு தேவை என்றிருக்கும். 2015இல் ஐந்தில் மூன்றாகவும், 2021இல் ஒன்பதில் ஐந்தாகவும் குறைத்துவிட்டார்கள். சொந்த வீட்டுக்கான பள்ளி வரி விலக்கு 40,000 டாலர் என்றிருக்கும். 2023இல் அது 1,00,000, 2025 வாக்கெடுப்புக்குப் பின் 1,40,000. தேர்வு புத்தகத்தின்படியா, இன்றைய நிலவரப்படியா என்று முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கிரெடிட் கணக்கில் தவறு நடப்பது மூன்று இடத்தில். பள்ளியிலேயே எழுதிக் கல்லூரி கிரெடிட் பெறும் ஏபி அமெரிக்க அரசுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இரண்டு பாடமும் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது 2305க்கு மட்டுமே ஈடு, டெக்சஸ் பகுதி பாக்கி நிற்கும். வேறு மாநிலக் கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களுக்கும் இதே கதை. மூன்றாவது, எல்லாப் பல்கலைக்கழகமும் இந்த எண்களில் நடத்துவதில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பொலிட்டிகல் சயின்ஸ் 206, 207. அதில் 207 மாநில, உள்ளாட்சி அரசு. ஆஸ்டினின் டெக்சஸ் பல்கலைக்கழகம் இரண்டு பாடத்தையும் வேறு விதமாகப் பிரித்திருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் எடுத்துவிட்டு இப்படிப்பட்ட இடத்துக்கு மாறுவதாக இருந்தால் 2305, 2306 இரண்டையும் ஒரே இடத்தில் முடித்துக்கொண்டு போவது பாதுகாப்பு. தனியார் பல்கலைக்கழகம் போகிறவர்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, சேருமிடத்தில் தேவையா என்று கேட்டபின் பணம் கட்டுங்கள்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க நட்சத்திர மதிப்பீடுகளை நம்ப வேண்டாம். அரசுக் கல்லூரிகள் ஒவ்வொரு இளநிலைப் பாடத்தின் சிலபஸையும் ஆசிரியரின் கல்வி விவரத்தையும் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2009இலிருந்து சட்டமே இருக்கிறது. வகுப்பு தொடங்கி ஏழாம் நாளுக்குள் அது ஏறியிருக்க வேண்டும். சென்ற செமஸ்டரின் சிலபஸைத் திறந்து உள்ளாட்சிக்கும் நிதிக்கும் எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். மூன்று வாரம் இருந்தால் யோசிக்காமல் சேரலாம். ஒரே வாரம், அதுவும் இறுதித் தேர்வுக்கு முந்திய வாரம் என்றால் வேறு பிரிவு பாருங்கள்.

வேறு பிரிவு கிடைக்காதபோது அந்தக் குறையை வீட்டிலேயே ஈடுகட்டலாம். அக்டோபர், நவம்பரில் வரும் சொத்து வரி பில்லை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு அமைப்புக்கும் நேராகப் பிள்ளையை மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: அதை நடத்துவது யார், அவர்களுக்கு அடுத்த தேர்தல் மே மாதமா நவம்பரா, 100 டாலர் மதிப்புக்கு இந்த ஆண்டு எவ்வளவு வரி வைத்தார்கள். கவுன்ட்டி, நகரம் இரண்டும் சீக்கிரம் கிடைத்துவிடும். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்குச் சம்பளமில்லாத அறங்காவலர்கள், அவர்களின் கூட்டக் குறிப்பும் வெளியில் இருக்கும். மட் மட்டும் சில இடங்களில் தனி பில் அனுப்பும். அதன் இயக்குநர்களின் பெயரைத் தேடத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.